டிரான்ஸ்ஃபார்மர்ஸ் மார்வெல் காமிக்ஸ்: யூஎஸ் 80 இதழ், யூகே 332 இதழ் – எந்த வரிசையில் படிப்பது?

நெய்தல்

மார்வெல் வெளியிட்ட, உருமாறும் ரோபோக்களின் கதையான பழைய டிரான்ஸ்ஃபார்மர்ஸ் காமிக்ஸில் யூஎஸ் (அமெரிக்க) தொடர் 80 இதழையும் வரிசையாகப் படித்தாயிற்று. இப்போது பிரிட்டன் (யூகே) வார இதழ்க் கதைகளின் மறுபதிப்புத் தொகுப்புகள் கைவசம் இருக்கின்றன. அவற்றை யூஎஸ் கதைகளோடு எப்படிக் கோப்பது என்று பிடிபடவில்லை.

முட்டுகிற இடங்கள் இவை. பம்பிள்பீ என்ற ரோபோ கோல்ட்பக் என்ற புது உருவம் பெறுவது இரண்டு கதைகளில் இரண்டு விதமாக வருகிறது. வில்லன் அணித் தலைவர் மெகட்ரான் யூஎஸ் 25-ல் காணாமல் போய் 56 வரை தலைகாட்டவே இல்லை. ஆனால் யூகே கதைகளில் அதே காலத்தில் பூமியில் சுற்றிக்கொண்டிருக்கிறார். எதிர்காலத்து மெகட்ரானான கால்வட்ரானின் கதை யூகே-யில் "டைம் வார்ஸ்" கதையோடு முடிகிறது, யூஎஸ் 67-ல் மறுபடி வருகிறார். ஹெட்மாஸ்டர்ஸ் நாலு இதழ்க் குறுந்தொடரை எங்கே செருகுவது என்பதும் தெரியவில்லை.

யூகே கதைகளைத் தனியாகப் படித்தால் போதுமா, இல்லை இரண்டையும் கலந்துதான் படிக்கணுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வாரஇதழ்

கலந்துதான் படிக்கணும். யூகே கதைகளைத் தனியாக எடுத்தால் பாதிக் கதைகளுக்குக் காரணமே புரியாது.

முதலில் அடிப்படைக் கணக்கு. யூஎஸ் இதழ் முதலில் இரண்டு மாதத்துக்கு ஒன்று, 1985-ல் 5-ஆம் இதழிலிருந்து மாதம் ஒன்று. ஒவ்வொன்றிலும் கதை 22 பக்கம். யூகே இதழ் 1984 செப்டம்பரில் இரு வார இதழாகத் தொடங்கியது, 1985-ல் 27-ஆம் இதழிலிருந்து வார இதழ். ஒரு யூஎஸ் கதையை 11 பக்கமாக இரண்டாக வெட்டி இரண்டு யூகே இதழில் போட்டார்கள். மாதத்துக்கு நாலு இதழ் வரணும், அமெரிக்காவிலிருந்து வரும் சரக்கோ இரண்டு இதழுக்குத்தான் காணும். மிச்சத்தை லண்டனில் உட்கார்ந்து அவர்களே எழுதினார்கள். யூகே கதைகள் பிறந்ததே இந்தப் பற்றாக்குறையில்தான். அதனால் அவை யூஎஸ் கதைகளின் இடைவெளிக்குள் உட்காரும்படி எழுதப்பட்டவை. அச்சான வரிசையே படிக்கும் வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள், முக்கால்வாசிச் சிக்கல் தீரும்.

ஆரம்பம் இப்படி: யூஎஸ் 1-4 (யூகே-யில் 1-8). அடுத்து யூகே 9-12 "மேன் ஆஃப் அயர்ன்", 13-17 "தி எனிமி விதின்", 18-21 "ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்". பிறகு யூஎஸ் 5, அது யூகே 22-ல் தொடங்குகிறது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். யூஎஸ் 4-ன் கடைசியில் வில்லன் அணியின் ஷாக்வேவ் வந்து ஆட்டோபாட்டுகள் (நல்ல அணி ரோபோக்கள்) அத்தனை பேரையும் வீழ்த்திவிடுவார். யூஎஸ் 5 அட்டையில் "டிரான்ஸ்ஃபார்மர்கள் எல்லோரும் செத்துவிட்டார்கள்" என்று சுவரில் சுட்டு எழுதிவிட்டு நிற்பதும் அவரேதான். ஆனால் யூகே 9-21 கதைகளில் எல்லோரும் நல்லபடியாக நடமாடுகிறார்கள். ஆகவே கதைப்படி அந்தப் பதின்மூன்று இதழும் ஷாக்வேவ் தாக்குவதற்கு முன்னால் நடப்பவை. யூஎஸ் 4-ன் கடைசிப் பக்கத்தை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு, யூஎஸ் 5 எடுக்கும்போது படித்தால் வெட்டுத் தெரியாது.

யூஎஸ் 12-ல் ஆட்டோபாட் தலைவர் ஆப்டிமஸ் பிரைமின் தலை மறுபடி உடம்போடு சேர்ந்த பிறகு யூகே 42-44 "கிரைசிஸ் ஆஃப் கமாண்ட்", 47-50 "டைனோபாட் ஹன்ட்". அதன்பின் யூஎஸ் 13. "கிரைசிஸ் ஆஃப் கமாண்ட்" கதையில் பிரைமின் தலைமையைச் சொந்த ஆட்களே கேள்வி கேட்கிறார்கள். யூஎஸ் 12 முடிந்த கையோடு படித்தால்தான் அது உறைக்கும்.

யூஎஸ் 20-க்கும் 21-க்கும் நடுவே யூகே 74-77, அதைத் தொட்டு 78-88 "டார்கெட் 2006". இது முன்னுரைப் பகுதியோடு சேர்த்துப் பதினொரு வாரம் ஓடிய கதை. 1986 திரைப்படத்தின் பாத்திரங்கள் காமிக்ஸுக்குள் வருவது இங்கேதான். படம் பிரிட்டனில் திரைக்கு வந்தது டிசம்பரில், கதை அச்சானது செப்டம்பர் முதல் நவம்பர் வரை. அதாவது படத்தைப் பார்க்காத வாசகனுக்குப் படத்தின் பின்கதை முதலில் கிடைத்தது.

அடுத்து யூஎஸ் 21-23, யூகே 96-104, அதன்பின் யூஎஸ் 24-27 (யூகே 105-112), உடனே யூகே 113-120. இந்தப் பகுதியில் வரிசை மாறவே கூடாது. 96-104-ல் பிரைம், மெகட்ரான் இரண்டு பேரும் பூமியை விட்டுச் சொந்தக் கிரகமான சைபர்ட்ரானுக்குப் போய்த் திரும்புகிறார்கள். திரும்பி வந்த சூட்டில்தான் யூஎஸ் 24, வீடியோ கேமில் பிரைம் தான் தோற்றதாக ஒப்புக்கொள்ளும் கதை. முன்னதைப் படிக்காமல் பின்னதைப் படித்தால் பிரைம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளச் சம்மதிப்பது திடுதிப்பென்று தோன்றும். மரணத்தின் வாசல்வரை போய்வந்த ஆள் என்று தெரிந்துகொண்டு படித்தால் அதே பக்கங்களுக்கு வேறு கனம் வருகிறது.

---

தாள்வாசம்

வாரஇதழ் சொன்ன வரிசையை அப்படியே வழிமொழிகிறேன். கோல்ட்பக் சிக்கலுக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

அமெரிக்காவில் "ஜி.ஐ. ஜோ அண்ட் தி டிரான்ஸ்ஃபார்மர்ஸ்" என்று நாலு இதழ்க் குறுந்தொடர் 1987 தொடக்கத்தில் வந்தது. ஜி.ஐ. ஜோ படை ஆட்கள் பம்பிள்பீயைத் தவறுதலாகச் சுட்டுச் சிதைக்க, ஆட்டோபாட் மருத்துவர் ரேச்சட் அவரைக் கோல்ட்பக்காக மறுபடி கட்டுகிறார். முதன்மைத் தொடர் இதை நடந்ததாக எடுத்துக்கொண்டு மேலே போகிறது. யூகே இதழ் அந்தச் சமயத்தில் இந்தக் குறுந்தொடரை வெளியிடவில்லை. அடுத்து வரப்போகும் யூஎஸ் கதைகளிலோ பம்பிள்பீ கிடையாது, கோல்ட்பக் இருக்கிறார். வாசகனுக்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். அதனால் 113-120 கதைக்குள்ளேயே கூலிக்கு வேட்டையாடும் டெத்ஸ் ஹெட் பம்பிள்பீயைத் தகர்ப்பது போலவும், ரெக்-கார் என்ற ரோபோ அவரைக் கோல்ட்பக்காகக் கட்டுவது போலவும் எழுதிவிட்டார்கள்.

இரண்டும் ஒரே உலகத்தில் நடந்ததாகக் கோக்க முடியாது, முயலவும் வேண்டாம். கலந்து படிக்கும்போது யூகே வடிவத்தை வைத்துக்கொண்டு ஜி.ஐ. ஜோ குறுந்தொடரை விட்டுவிடுங்கள். அதை விடுவதால் முதன்மைக் கதையில் எதுவும் அறுந்து போகாது. யூகே 113-120-ஐ விட்டால் டெத்ஸ் ஹெட் யாரென்றே தெரியாமல் போகும்.

டெத்ஸ் ஹெட்டுக்கு இன்னொரு சேதி உண்டு. அவரை வைத்து "ஹை நூன் டெக்ஸ்" என்று ஒற்றைப் பக்கக் கதை வரைந்தார்கள், பிரையன் ஹிட்ச் ஓவியம். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் இதழில் புதிதாக வரும் பாத்திரம் பொம்மைக் கம்பெனியின் சொத்தாகிவிடும் என்பதால், மார்வெலின் சொத்து என்று காட்ட எடுத்த ஏற்பாடு அது. யூஎஸ் பக்கம் சர்க்யூட் பிரேக்கர் என்ற பாத்திரத்தை "சீக்ரெட் வார்ஸ் 2" மூன்றாம் இதழில் ஒரு ஓரத்தில் காட்டியதும் இதற்காகத்தான். உங்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், இந்த உரிமைப் பிரிவினை மறுபதிப்புகளில் ஓட்டை விழ வைக்கும். யூஎஸ் 3-ல் மார்வெலின் சொத்தான ஸ்பைடர்மேன் கறுப்பு உடையில் வருகிறார். எந்தத் தொகுப்பை வாங்கினாலும் உள்ளடக்கப் பக்கத்தில் 3-ஆம் இதழ் முழுதாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

---

ஆர்க்-84

மெகட்ரானுக்கும் கால்வட்ரானுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது: யார், யாருக்காக எழுதினார்கள் என்பதில்.

யூஎஸ் 5 முதல் 55 வரை, இடையில் சில இதழ் தவிர, பாப் புடியான்ஸ்கி எழுதினார். பெரும்பாலான பாத்திரங்களுக்குப் பெயரும் குணமும் கொடுத்தவர் அவர்தான். யூகே கதைகளில் என்ன நடக்கிறது என்று பார்த்து எழுதவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. லண்டனில் சைமன் ஃபர்மன்தான் புடியான்ஸ்கியின் கதைக்கு ஏற்ப வளைந்து கொடுத்தார். 1989-ல் யூஎஸ் 56-லிருந்து ஃபர்மனே யூஎஸ் தொடரையும் எழுத வந்தார். அவருடைய யூகே கதைகளை அமெரிக்க வாசகர்கள் பார்த்ததே இல்லை, "மேன் ஆஃப் அயர்ன்" மட்டும் யூஎஸ் 33-34-ல் மறுபதிப்பாக வந்திருந்தது, அதுவும் ஸ்டீவ் பார்க்ஹவுஸ் எழுதியது. ஆகவே யூகே-யில் சொன்ன சங்கதிகளை அமெரிக்க வாசகனுக்காக மறுபடி முதலிலிருந்து சொன்னார். டிரான்ஸ்ஃபார்மர்களைப் படைத்த பிரைமஸ், அவருடைய எதிரி யூனிக்ரான் இருவரின் பிறப்புக் கதை யூகே 150-ல் ஒருமுறை, யூஎஸ் 61-ல் ஒருமுறை வருவது இதனால்தான். கால்வட்ரானும் அப்படித்தான். யூகே-யில் வருபவர் திரைப்படத்தின் எதிர்காலத்திலிருந்து வந்தவர், அவர் கதை "டைம் வார்ஸ்" உடன் முடிந்தது. யூஎஸ் 67-ல் வருபவர் யூனிக்ரான் ஜெயித்துவிட்ட வேறொரு எதிர்காலத்து ஆள். பெயரும் உருவமும் ஒன்று, ஆள் வேறு. குறிப்பு எழுதி வைப்பவராக இருந்தால் இருவருக்கும் தனித்தனி அட்டை போடுங்கள்.

மெகட்ரான் விஷயத்தில் யூகே தரப்புக்குச் சங்கடம். யூஎஸ் 25-ல் அவர் போன பிறகு, இனி வரமாட்டார் என்ற தெம்பில் யூகே 125-ல் பூமிக்கே கொண்டுவந்து பல கதைகளில் ஓடவிட்டார்கள். யூஎஸ் 56-லோ மெகட்ரான் சைபர்ட்ரானில் இத்தனை நாளும் பதுங்கி இருந்ததாகக் கதை. இதைச் சரிக்கட்ட "டூ மெகட்ரான்ஸ்" என்று ஒரு யூகே கதை எழுதினார்கள்: பூமியில் திரிந்தது சைபர்ட்ரானின் வில்லன் தளபதி ஸ்ட்ராக்ஸஸ் உருவாக்கிய நகல், தானே அசல் என்று நம்பிக்கொண்டிருந்தது, சைபர்ட்ரானில் இருந்தவரே நிஜ மெகட்ரான். ஒட்டுப் போட்ட விளக்கம்தான், ஆனால் கச்சிதமான ஒட்டு. யூஎஸ் 56 படித்தபின் இதைப் படியுங்கள், முன்னால் படித்தால் இரண்டு கதையின் திருப்பமும் வீண்.

எதிர்காலக் கதைகளை மட்டும் தனிச் சரடாகத் தொடர விரும்பினால் யூகே 78-88, 101-104, 113-120, 146-151 "லெகசி ஆஃப் யூனிக்ரான்", 182-187 "ஸ்பேஸ் பைரேட்ஸ்", 199-205 "டைம் வார்ஸ்" என்று போகலாம். "டார்கெட் 2006" படிக்கும்போது ஒரு விதியை மனதில் வையுங்கள்: எதிர்காலத்திலிருந்து ஒருவர் வந்தால் நிகழ்காலத்தில் ஒருவர் காணாமல் போவார். கால்வட்ரான், சைக்ளோனஸ், ஸ்கர்ஜ் மூவரும் வரும்போது பிரைம், ரேச்சட், ப்ரவுல் மறைவது அதனால். இது பிடிபடாமல் "டைம் வார்ஸ்" எடுத்தால் யார் ஏன் மறைகிறார்கள் என்று தலை சுற்றும்.

---

நெய்தல்

அருமை. ஹெட்மாஸ்டர்ஸ் இன்னும் பாக்கி. யூகே கடைசிப் பகுதியில் கறுப்பு வெள்ளையில் ஐந்தாறு பக்கக் கதைகள் வருகின்றனவே, அவற்றில் வரும் "எர்த்ஃபோர்ஸ்" கதைகளை எங்கே வைத்தாலும் ஒட்டவில்லை. ஆட்டோபாட் அணியின் கிரிம்லாக் பூமியில் படை நடத்துகிறார், மெகட்ரானும் பூமியில். யூஎஸ் கதையில் அதற்கு இடமே இல்லையே?

---

வாரஇதழ்

ஹெட்மாஸ்டர்ஸ் 1-4: யூஎஸ் 37 முடித்துவிட்டு, 38 எடுப்பதற்கு முன். யூஎஸ் 38-ல் ஃபோர்ட்ரஸ் மேக்சிமஸ் கூட்டம் பூமிக்கு வந்து இறங்குகிறது. நெபுலோஸ் கிரகத்தில் என்ன நடந்தது, கேலன் யார் என்று குறுந்தொடரில்தான் இருக்கிறது. பலர் இதை விட்டுவிட்டு 38-ல் திணறுகிறார்கள். யூகே இதழில் இது பின்பக்கத் துணைக்கதையாகத் துண்டு துண்டாக வந்தது. அந்த வடிவத்தில் தேடிச் சேர்க்காதீர்கள், நாலு யூஎஸ் இதழாகப் படிப்பதே சுகம்.

யூஎஸ் தொடரில் தாண்டிப் போகக்கூடியவை இரண்டு: 16, 43. முன்னது இடைநிரப்பு, பின்னது டிவி கார்ட்டூன் அத்தியாயத்தின் தழுவல், காமிக்ஸ் கதையோடு சம்பந்தமே இல்லை. 33-34-ஐயும் தாண்டலாம், ஏற்கெனவே யூகே 9-12-ல் படித்திருப்பீர்கள். 47-50-ஐத் தாண்டவே கூடாது. ஸ்டார்ஸ்க்ரீம் அண்டர்பேஸ் சக்தியை அடைந்து பழைய பாத்திரங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் கதை. கடையில் பழைய பொம்மைகள் போய்ப் புதியவை வந்த நேரம், கதையிலும் இடம் காலி பண்ண வேண்டியிருந்தது. அந்த வியாபாரக் கட்டாயத்தை வைத்தே புடியான்ஸ்கி ஒரு பெரிய போர்க்கதை கட்டியிருக்கிறார்.

எர்த்ஃபோர்ஸ் பற்றி உங்கள் கணிப்பு சரி. யூஎஸ் 56-ல் தொடங்கி 59-ல் முடியும் மோதலின் முடிவில் மெகட்ரானும் ரேச்சட்டும் வெடிப்பில் சிக்கி, பின்னால் உடம்பு ஒன்றோடு ஒன்று உருகிய நிலையில் திரும்பி வருகிறார்கள். மெகட்ரான் சும்மா பூமியில் நடமாட இடைவெளியே கிடையாது. எர்த்ஃபோர்ஸைத் தனி உலகமாக எடுத்துக்கொள்ளுங்கள். யூஎஸ் 80-ம் முடித்த பிறகு, தனிக் கட்டாக, அச்சான வரிசையில் படித்தால் நன்றாகவே இருக்கும். ஐந்து பக்கத்தில் ஒரு சண்டை, ஒரு திருப்பம், ஒரு நகைச்சுவை என்று சிக்கனமாக எழுதிய கதைகள். வரிசைக்குள் திணிக்கப் பார்ப்பதால்தான் அவற்றுக்குக் கெட்ட பெயர்.

யூகே-யின் கடைசி நாற்பது இதழ்களில் புதுக் கதை தேட வேண்டாம். யூஎஸ் கதைகளும் பழைய யூகே கதைகளின் மறுபதிப்பும்தான்.

---

தாள்வாசம்

யூஎஸ் இதழ்களில் கூட்டக் காட்சி வந்தால் வண்ணத்தை நம்பி ஆளை அடையாளம் காணாதீர்கள். நெல் யோம்டோவ் வண்ணம் தீட்டிய பக்கங்களில் முன்னால் நிற்கும் ஒருவர் இருவருக்கு மட்டும் உரிய நிறம் இருக்கும். பின்னால் நிற்கும் பத்துப் பேரும் மொத்தமாக ஒரே ஊதா, இல்லை ஒரே மஞ்சள். தலைக் கவசத்தின் வடிவம், தோளில் நிற்கும் சக்கரம், மார்பில் இருக்கும் கண்ணாடி, இவற்றைப் பாருங்கள். அதே பாத்திரத்தை யூகே பக்கத்தில் ஜெஃப் சீனியரோ வில் சிம்ப்சனோ வரைந்ததோடு ஒப்பிட்டால் சீக்கிரம் கண் பழகும்.

அசல் இதழ் வாங்கும் எண்ணம் வந்தால் இரண்டு விஷயம். யூஎஸ் தொடரின் கடைசி இதழ்கள், குறிப்பாக 75-80, எளிதில் கிடைக்காது, விலையும் ஏறும். முதல் இதழ்கள் நிறைய அச்சானவை, அவற்றுக்கு அதிகம் கொடுக்காதீர்கள். யூகே இதழ்களில் நடுப்பக்கம் இருக்கிறதா, கூப்பன் வெட்டியிருக்கிறதா, ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்துத் தாளைத் தின்றிருக்கிறதா என்று விற்பவரிடம் படம் கேளுங்கள். கூப்பன் வெட்டிய இடத்தின் மறுபுறம் கதைப் பக்கமாக இருந்தால் ஒரு கட்டமே போயிருக்கும். யூகே இதழ் யூஎஸ் இதழை விட அகலமும் உயரமும் கூடியது. சாதாரண காமிக்ஸ் உறையில் நுழைத்தால் ஓரம் மடங்கும், பத்திரிகை அளவு உறையும் அமிலம் இல்லாத அட்டையும் வாங்குங்கள்.

---

ஆர்க்-84

80-க்குப் பிறகு எங்கே போவது என்று அடுத்து கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். நாலு இதழ்க் குறுந்தொடர் என்று தொடங்கிய இதழ், 80-ஆம் இதழ் அட்டையில் "நாலு இதழ்க் குறுந்தொடரில் 80-வது" என்று போட்டுக்கொண்டு 1991-ல் நின்றது. தொடர்ச்சி இரண்டு உண்டு, ஒன்றையொன்று ஏற்காதவை. முதலாவது "ஜெனரேஷன் 2", 1993-94, 12 இதழ், எழுதியவர் ஃபர்மன். அதற்கு முன் ஜி.ஐ. ஜோ 138-142 படிக்கணும், மெகட்ரான் டாங்கி உருவம் பெறுவது அங்கேதான். இரண்டாவது ஐடிடபிள்யூ வெளியிட்ட "ரீஜெனரேஷன் ஒன்", 2012-14. 80.5-ல் தொடங்கி 81-100, நடுவில் 0 என்று ஒரு இதழும் உண்டு. ஃபர்மன் எழுத்து, ஆண்ட்ரூ வைல்ட்மேன் ஓவியம். இது ஜெனரேஷன் 2-ஐ நடக்காததாக வைத்து யூஎஸ் 80-லிருந்தே கிளம்புகிறது.

இரண்டில் ஒன்றை முதலில் எடுக்கணும் என்றால் ஜெனரேஷன் 2. டெரெக் யானிகரின் கோடு கரடுமுரடாக இருக்கும், முதல் இரண்டு இதழுக்குக் கண் ஒப்பாது, பிறகு அந்த இருண்ட கதைக்கு வேறு எந்த ஓவியமும் பொருந்தாது என்று தோன்றும். இரண்டையும் அடுத்தடுத்து படிக்காதீர்கள், கிரிம்லாக், பிரைம், மெகட்ரான் மூவரின் நிலையும் குழம்பும்.

---

நெய்தல்

யூஎஸ் 62-66 "மேட்ரிக்ஸ் க்வெஸ்ட்" பற்றி ஒன்று. முதல் இதழ்களில், ரோபோக்களுக்கு உயிர் கொடுக்கும் மேட்ரிக்ஸ் பிரைமின் தலைக்குள் இருக்கும் நிரல். இங்கே கையில் பிடிக்கும் பொருளாக இருக்கிறதே?

---

வாரஇதழ்

ஆமாம், மாறிவிட்டது. யூஎஸ் 5-12 காலத்தில் அது நிரல்தான், ஷாக்வேவ் பிரைமின் தலையைப் பிடித்து வைத்துக்கொண்டது அதற்காகவே. 1986 திரைப்படம் அதைப் பொருளாகக் காட்டியது, ஃபர்மன் படத்தைப் பின்பற்றினார். கோக்க வழி இருக்கிறது: யூஎஸ் 26-ல் பிரைமின் உடலைச் சவப்பெட்டிக் கலத்தில் வைத்து விண்வெளிக்கு அனுப்புகிறார்கள், மேட்ரிக்ஸ் அந்த உடலுக்குள்ளேயே போய்விட்டது என்பதுதான் தேடலுக்கே காரணம். "மேட்ரிக்ஸ் க்வெஸ்ட்" எடுக்கும் முன் 26-ஐ ஒருமுறை புரட்டிவிடுங்கள்.